செலின் தேடிய அமிலம்

கார்த்திகை அடைமழையில் ஒரு காலை, நான் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, வாசலில் ரொசாரி அண்ணன் வந்து நின்றார். செலினின் மூத்த அண்ணன். சங்கு குளிப்பவர். புன்னைக்காயலிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. குடையை மடக்காமல் படியிலேயே நின்றபடி, "டீச்சர், செலின் போயிட்டா" என்றார். "ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு அம்மா சொன்னா" என்றார்.

அடக்கம் எப்போது என்று மட்டும் கேட்டேன். அன்று மாலை கோயில் மணி அடிக்க, ஈர மணலில் அவளை வைத்துவிட்டு வந்தோம். நம் கல்லூரி மலரில் இதைப் படிக்கிற உங்களில் பலர் கல்லூரி வேனில் வந்திருந்தீர்கள். மறுநாள் வகுப்பில் எப்படிப் பாடம் எடுத்தேன் என்று நினைவில்லை. எடுத்தேன் என்று மாணவிகள் சொல்கிறார்கள்.

மரியாதைக்காக 'அவர்' என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன். கை ஓடவில்லை. அவளோடு பழகியவர்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்பி, 'அவள்' என்றே எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் தாவரவியல், நான் வேதியியல். சேர்ந்த புதிதில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து, "கொஞ்சம் ஈதர் தருவியளா?" என்று கேட்டவளாகத்தான் அவளை எனக்குத் தெரியும். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு ஆசிரியர் அறையில் என் எதிரே வந்தவள், தூக்குச்சட்டியைத் திறக்காமல் தயங்கினாள். நான் தாமிரபரணிக் கரையில், மீன் சமைக்காத வீட்டில் பிறந்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஒங்களுக்கு வாடை ஆகாதுல்லா, நான் அங்கன போய் உக்காந்துக்கிடுதேன்" என்றாள். நீங்கள் வளர்க்கிற பாக்டீரியாவின் நாற்றத்தைவிட உங்கள் மீன் குழம்பு எவ்வளவோ மேல் என்று சொன்னேன். சிரித்துவிட்டாள். அன்றைக்கு 'நீங்க' போனது. அதற்குப் பிறகு நான் அவளுக்கு 'ஏளா வடிவு'தான்.

அவள் என்ன வளர்த்தாள் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. மண்ணிலும் சாணத்திலும் மட்கிய மரப்பட்டையிலும் வாழ்கிற ஒருவகை பாக்டீரியா அது. மிக்சோபாக்டீரியா என்பார்கள். மற்ற பாக்டீரியாக்கள் தனித்தனியாகப் பிழைத்துக்கொள்ளும். இவை மந்தையாக ஊர்ந்து மந்தையாக இரை தேடும். இரை தீர்ந்து பட்டினி வந்ததும், பரந்து கிடந்த உயிரணுக்கள் எல்லாம் ஓரிடம் நோக்கி நகர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, குண்டூசித் தலையைவிடச் சிறிய ஆரஞ்சு நிற மொட்டாகத் திரளும். திரண்டவற்றில் பெரும்பாலானவை உடைந்து செத்துப்போகும். மிச்சம் கெட்டியான வித்துகளாக மாறி நல்ல காலத்துக்காகக் காத்திருக்கும். கண்ணும் காதும் இல்லாத உயிர்கள், 'இப்போது கூடவேண்டும்' என்று ஒன்றுக்கொன்று எப்படிச் சொல்லிக்கொள்கின்றன? செலினுக்கு வாழ்நாள் முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

விடுமுறை நாட்களில் உடைமரக் காட்டுக்குள் போய் மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் பொறுக்கி வருவாள். ஒருமுறை நானும் கூடப் போனேன். திரும்பும் வழியில் புன்னைக்காயலில் அவள் வீட்டுக்குப் போனோம். பையில் என்ன என்று அவள் அம்மா எட்டிப் பார்த்தார். மகளை விட்டுவிட்டு என்னிடம்தான் முறையிட்டார். "ஆட்டுப் புழுக்க பொறக்கதுக்கா டீச்சர் இவள எம்மெஸ்ஸி படிக்கவச்சோம்? கப்பல்ல வேல பாக்க மாப்பிள்ள வந்தான். வேண்டாங்கா. இதுகூடத்தான் குடும்பம் நடத்துதா." செலின் பையை நிழலான இடமாகப் பார்த்து வைத்தாள். ஆனால் பிறகொரு நாள் ரொசாரி அண்ணன் ஆய்வகத்துக்கு வந்தபோது, மைக்ராஸ்கோப்பில் அந்த மொட்டுகளை அவருக்குக் காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்தார். "முத்து கணக்கா இருக்கு" என்றார். விற்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றதும், "பொறவு அழகுக்குத்தானா" என்று கேட்டுவிட்டு, அம்மாவிடம் இனிமேல் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். அதன் பிறகு அந்த வீட்டில் கல்யாணப் பேச்சு குறைந்தது என்று செலின் சொன்னாள்.

ஒருநாள் அவள் பாக்டீரியா வளர்த்த கண்ணாடித் தட்டுகளில் ஒன்று மட்டும் மொட்டு கட்டாமல் வெறும் சவ்வாகப் பரவிக் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் கொட்டிக் கழுவியிருப்பார்கள். அவள் அதைத் தனியாக எடுத்து வளர்த்தாள். பட்டினி போட்டாலும் அது கூடவில்லை. ஆனால் நல்ல பாக்டீரியாவைக் கொஞ்சம் அதோடு கலந்துவிட்டால் அதுவும் சேர்ந்து மொட்டு கட்டியது. இதற்குக் காது கேட்கவில்லையோ என்று நான் கேட்டேன். "இது செவிடு இல்லளா, ஊமை. இதுக்குப் பேசத்தான் தெரியல. மத்தது பேசினா நல்லாக் கேக்குது" என்றாள். அன்றிலிருந்து அந்த வகைக்கு எங்களுக்குள் ஊமை என்றும் மற்றதற்கு நல்லது என்றும் பெயர்.

நல்லது பேசுகிற பேச்சு என்ன வேதிப்பொருள் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஊமைக்கும் நல்லதுக்கும் நடுவே செலோபேன் தாளை வைத்துப் பார்த்தாள். உயிரணு அந்தத் தாளைத் தாண்டாது. சின்ன மூலக்கூறு தாண்டும். தாளுக்கு மறுபுறம் ஊமை மொட்டு கட்டியது. நல்லது இல்லாத தட்டுகளில் கட்டவில்லை. திரும்பத் திரும்பச் செய்தாள், அப்படியே வந்தது. மதுரையில் நடக்கவிருந்த ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு ஒரு சுருக்கம் எழுதி அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் கல்லூரியிலிருந்து அப்படி ஒன்று போவது அதுவே முதல்தடவை. அவளுடைய துறைத் தலைவர் மாலை போடாத குறைதான். பிஎச்.டி.க்கு விடுப்பும் சம்பளமும் வாங்கித் தருவதாக எல்லார் முன்னிலையிலும் சொன்னார்.

கூட்டம் நெருங்கிய சமயத்தில் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. செலோபேன் வைத்த தட்டுகள் எல்லாம் பெரியவை. ஒப்பிடுவதற்கு வைத்தவை எல்லாம் சிறியவை. ஒரு பெரிய தட்டில் நல்லதைச் சேர்க்காமல் ஊமையை மட்டும் வைத்துப் பார்த்தாள். அதிலும் மொட்டு கட்டியிருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு வெகுநாள் ஆகவில்லை. பெரிய தட்டுகள் ஆய்வகத் தொட்டியில் அடங்காது. அவற்றை அவளே விடுதிக்குப் பின்னாலிருந்த கிணற்றடிக்குக் கொண்டுபோய், துணி சோப்பு போட்டுக் கழுவுவாள். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சோப்பு நுரைக்காது, வெள்ளையாகத் திரைந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். சின்னத் தட்டுகளையும் அதே தண்ணீரில் அதே சோப்பில் கழுவினாள். அவற்றிலும் மொட்டு வந்தது. குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீரில் அலசி எடுத்த தட்டுகளில் ஒன்றுமில்லை. நல்லது பேசிய பேச்சு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது சோப்புக் கறை.

துறைத் தலைவர் அவளிடம், மதுரைக்குப் போகவேண்டாம், உடம்பு சரியில்லை என்று தந்தி அடித்துவிடலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. கல்லூரியின் பெயரைப் பற்றிக் கவலைப்பட்டார். செலின் கேட்கவில்லை. "அச்சடிச்சது அங்கன எல்லாரு கையிலயும் இருக்குமே. நான் போகாட்டி அது உண்மைன்னுல்லா ஆயிரும்" என்றாள். துணைக்கு நான் போனேன்.

மேடையில் அவள் ஏறி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை. தான் அனுப்பிய சுருக்கம் தவறு என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னாள். எப்படித் தவறியது, எப்படித் தெரியவந்தது என்று படம் போட்டுக் காட்டினாள். சோப்பு என்றதும் முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு பலர் சிரித்தார்கள். தலைமை வகித்தவர், இதைச் சொல்வதற்காக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லையே என்றார். அவள் நன்றி சொல்லி இறங்கினாள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

திரும்பும்போது பஸ் அருப்புக்கோட்டையில் நின்றது. நான் இறங்கி இரண்டு காப்பி வாங்கி வந்தேன். கரிசல் வெயில் கண்ணைக் கூசவைத்தது. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே, வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"ஏளா வடிவு, நீதானே கெமிஸ்ட்ரி. அந்தக் கறை என்னது?"

"சோப்புக் கறைதான்."

"சோப்புன்னு எனக்கும் தெரியும். அது என்ன பொருள்?"

உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்தால் கால்சியத்தோடு சேர்ந்த கொழுப்பு அமிலம் மிஞ்சும் என்று பாடம் நடத்துகிற குரலில் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. அவள் என் பக்கம் திரும்பியிருந்தாள்.

"அப்ப ஊமைக்குக் கேட்ட பேச்சு கொழுப்பு அமிலம்" என்றாள். "நான் சொன்னதுதான் தப்பு. அது கேட்டது தப்பு இல்ல."

காப்பி ஆறிப்போயிருந்தது. அதை ஒரே மூச்சில் குடித்தாள். அங்கிருந்து தூத்துக்குடி வந்து சேரும்வரை எங்களுக்குப் பேச்சு ஓயவில்லை. பாக்டீரியாவின் உடம்புச் சுவரிலேயே கொழுப்பு இருக்கிறது. பட்டினியில் சில உயிரணுக்கள் உடைகின்றன. உடையும்போது வெளியே கசிகிற கொழுப்பு அமிலமே மற்றவற்றுக்குச் செய்தியாக இருந்தால்? சோப்பு தற்செயலாக அந்த மொழியில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டதா? பஸ் நிலையத்தில் இறங்கியபோது, காலையில் அத்தனை பேர் பார்த்துச் சிரித்த பெண் இவள்தானா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

மதுரையில் பேசியதற்கு அவள் விலை கொடுக்க வேண்டியிருந்தது. விடுப்பைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அவளுடைய அறை வகுப்புக்குத் தேவை என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. எங்கள் ஆய்வகத்தை ஒட்டி, உடைந்த கண்ணாடிச் சாமான்கள் போட்டுவைக்கிற அறை ஒன்று இருந்தது. என் துறையில் கேட்டு அதை வாங்கிக் கொடுத்தேன். இருவருமாகச் சுண்ணாம்பு அடித்தோம். கிருமி நீக்க ஒரு பிரஷர் குக்கர், அவளுடைய மைக்ராஸ்கோப், கடற்காற்று வருகிற ஒரு ஜன்னல். எங்கள் ஆய்வகத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு கதவுதான். என் வாழ்க்கையில் மிகவும் சந்தோஷமாக இருந்த காலம் அந்தச் சிறிய அறையில்தான் கழிந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. இடம் போதவில்லை என்று இருவரும் அலுத்துக்கொண்டே இருந்தோம்.

சோப்பிலிருந்து அமிலங்களைப் பிரித்து எடுப்பது என் வேலை. அவற்றை ஊமைக்குக் கொடுத்துப் பார்ப்பது அவள் வேலை. முதலில் வைத்த தட்டுகள் எல்லாம் செத்துப்போயின. சவ்வு கரைந்து நீராக நின்றது. எனக்கு நம்பிக்கை போயிற்று. அவள் அளவைக் குறைத்துக்கொண்டே போனாள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைத்தபோது மொட்டு வந்தது. "கொல்லுததும் இதுதான், கூட்டுததும் இதுதான். எவ்வளவுங்கதுலதான் இருக்கு எல்லாம்" என்றாள். வகுப்பில் கண்டிப்பு காட்டுகிற ஆசிரியர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோதும் இதையே சொன்னாள் என்று மாணவிகள் சொல்லிக் கேள்விப்பட்டேன்.

ஆனால் சோப்பு வேலை செய்கிறது என்பதால், பாக்டீரியாவும் அதையேதான் பேசுகிறது என்று ஆகாது. மதுரைக்குப் பிறகு அவள் அதில் மிகவும் கவனமாக இருந்தாள். நல்ல பாக்டீரியாவைக் குடுவை குடுவையாக வளர்த்து, அதன் உடம்புக் கொழுப்பை ஈதரில் கரைத்து எடுத்து, அதை ஊமைக்குக் கொடுக்க வேண்டும். குடுவைகளை நாங்கள் சோப்பே படாமல் ஆற்றுத் தண்ணீரிலும் அமிலத்திலும் மட்டுமே கழுவினோம். மாதக்கணக்கில் வளர்த்தால் விரல்நுனியில் எடுக்கிற அளவு பிசுக்கு கிடைக்கும். ஒருமுறை மின்சாரம் நின்று எல்லாம் கெட்டது. மறுபடி வளர்த்தோம்.

பிசுக்கை ஊமைக்குக் கொடுத்து விடை கிடைத்த அன்று காலை, நான் வகுப்பு முடிந்து வந்தபோது அவள் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நீ பாரு. என்ன தெரியுதுன்னு நீயே சொல்லு. நான் சொல்லிட்டா நீ அதத்தான் பாப்ப."

பார்த்தேன். மொட்டு என்றேன். தட்டை மாற்றி வைத்தாள், வெறும் ஈதர் வைத்த தட்டு. ஒன்றுமில்லை என்றேன். இன்னொன்றை மாற்றினாள். மறுபடி மொட்டு. எது எந்தத் தட்டு என்று எனக்குத் தெரியாமல் வரிசையாக வைத்துக் கேட்டுக்கொண்டே போனாள். கடைசியில் முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு நின்று மூச்சு வாங்கியது. அது சீக்கிரம் நிற்கவில்லை.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று அவள் இதய வால்வைக் கெடுத்திருந்தது என்பது பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் பார்த்தபிறகே எனக்குத் தெரியும். அவளுக்கு முன்பே தெரியும். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று என்னிடம் ஏதாவது கேட்பாளே, அது கேள்விக்காக நின்றதல்ல, மூச்சுக்காக நின்றது என்பது பிறகுதான் புரிந்தது. சென்னையில் ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார்கள். கிறிஸ்துமஸ் கழிந்து வரச்சொல்லி இடமும் கிடைத்தது. அதுவரை ஓய்வு என்று ஊருக்கு அனுப்பினார்கள்.

நாங்கள் எடுத்த பிசுக்கில் என்னென்ன அமிலங்கள் இருக்கின்றன என்று பிரித்துக் காட்டும் கருவி நம்மிடம் கிடையாது. வெளியூரில் ஓர் ஆய்வு நிலையத்தில் இருந்தது. நான் மட்டும் போய் வந்தேன். திரும்பிய மறுநாளே புன்னைக்காயலுக்குப் போனேன். மத்தியான நேரம். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள். கால் வீங்கியிருந்தது. அம்மா எனக்கென்று மீன் படாத பாத்திரத்தில் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். செலின், அம்மா வெளியே போகும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"மெஷின் என்ன சொல்லுது?"

நான் கவலையோடுதான் சொன்னேன். சோப்பில் இருக்கிற அமிலங்கள் எல்லாம் கருவியின் வரைபடத்தில் எந்தெந்த இடத்தில் வரும் என்று நமக்குத் தெரியும். நம் பிசுக்கில் அவற்றில் சில, அதனதன் இடத்தில் வந்தன. ஆனால் அவற்றுக்கு நடுவே பெரிதாக ஒன்று நின்றது. நமக்குத் தெரிந்த எந்த அமிலத்தோடும் அது பொருந்தவில்லை. கையிலிருந்த எல்லாவற்றோடும் வைத்துப் பார்த்துவிட்டேன். அதன் கார்பன் சங்கிலியில் எங்கோ ஒரு கிளை இருக்கலாம் என்று தோன்றுகிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எங்கேயாவது அழுக்கு சேர்ந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

அவள் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

"சோப்புல அது இல்லைல்லா?" என்றாள்.

"இல்ல."

"நம்ம ஈதர்ல?"

"இல்ல. தனியாவே பாத்துட்டேன்."

"அப்ப அது வெளிய இருந்து வரலளா. அதுக சொந்தமா செஞ்சது." கண்ணைத் திறந்தாள். "பேரு தெரியாட்டி என்ன. அது அதுகளோட பேச்சு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே படகுகளைக் கரையேற்றுகிற சத்தம் கேட்டது. ஆபரேஷன் முடிந்து வந்ததும் அந்தக் கிளை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம். எந்தக் குடுவையை முதலில் ஏற்றுவது என்றுகூட முடிவு செய்தோம். ஐந்து மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பினேன். ரொசாரி அண்ணன் வந்து சொன்ன அந்தக் காலை அதற்கு அடுத்த வாரம்.

அவள் கண்டதை இன்னும் எங்கும் அச்சிடவில்லை. அந்த அமிலத்தின் பெயரைக் கண்டுபிடிக்காமல் அனுப்ப அவள் சம்மதிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். வேதியியல்காரி நான், பாக்டீரியா வளர்க்கத் தெரியாது. இருந்தாலும் ஊமையையும் நல்லதையும் சாகவிடாமல் புதுத் தட்டுகளுக்கு மாற்றி மாற்றி ஊன்றி வருகிறேன். முதலில் நிறையக் கெட்டுப்போயின. இப்போது பரவாயில்லை.

போன வாரம் ஒரு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொட்டு கட்டப்போகிற இடத்தை நோக்கி உயிரணுக்கள் நேராக வரவில்லை. அலையலையாக, முன்னே போய்ப் பின்னே வந்து, பிறகு போயின. அவள் இதைப் பற்றி என்னிடம் சொன்னதில்லை. அவள் பார்த்திருந்தாளா என்பதும் தெரியவில்லை. தலையைத் தூக்காமலே, "ஏளா செலின், இங்கன வந்து பாரேன்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து மேசையில் சோதனைக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த மாணவிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல முடிகிறது. ஒன்றைப் பார்த்தால், உடனே அவளைக் கூப்பிட்டு அவள் கண்ணாலும் பார்க்கவைக்க வேண்டும் என்கிற அவசரம். மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் அவள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு இன்னும் ஒதுங்கித்தான் உட்காருகிறேன்.